மாயாண்டியின் கடைசி மூன்று குப்பிகள்

பாராங் கத்தியின் முதல் வெட்டு கதவுக் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது, தடுக்கப் போன ஆய்வுக்கூட உதவியாளர் அமீருலின் முன்கையில். வெள்ளைச் சுவரில் ரத்தம் தெறித்து, யாரோ அவசரமாக வரைந்த மலைத்தொடர் போல ஒழுகியது.

உள்ளே வந்தவனை ஆய்வாளர் தினேஸ்வரிக்குத் தெரியும். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் தர்மேந்திரன். பதினைந்து நாட்களுக்கு முன் தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோன மாயாண்டியின் மகன். மாயாண்டி சம்மதக் கையெழுத்திட்டுக் கொடுத்த சிறு புற்றுக்கட்டித் துணுக்கிலிருந்துதான், ஈப்போவின் இந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் அவள் இரண்டு ஆண்டுகளாகச் செல்களை வளர்த்து வந்தாள்.

லகாட் ஊரில் மாயாண்டியின் சாவு வீட்டுக்குப் போயிருந்தபோது, என்ன பேசுவதென்று தெரியாமல், ஆறுதலாக ஒன்று சொல்லியிருந்தாள். அவருடைய செல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, தினமும் பெருகுகின்றன என்று. அவள் தொழிலில் அது நல்ல செய்தி. தர்மேந்திரன் அன்று தலையாட்டினான்.

"நாளைக்குக் கருமாதி. உயிரோட இருக்கிறவருக்கு எப்படிக்கா கருமாதி பண்றது?" என்றான் இப்போது.

செல் வேறு, மனிதர் வேறு என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் கேட்கவில்லை. செல் வளர்க்கும் பெட்டியைத் திறந்து தட்டுகளை வாரித் தரையில் அடித்தான். இளஞ்சிவப்புத் திரவம் அமீருலின் ரத்தத்தோடு கலந்தது. கத்தியின் பின்புறத்தால் நுண்ணோக்கியை அடித்து நொறுக்கினான்.

"வேற எங்க இருக்கு?"

அவள் பார்வை, அறை மூலையில் செல்களை உறைய வைத்திருந்த நைட்ரஜன் தொட்டிக்குப் போய்விட்டது.

மாயாண்டியின் செல்களில் ஒரு புரதம் இருந்தது. பிரிந்து பெருகு என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளை அனுப்பும் புரதம். வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டியது, இந்த நோயில் அணைய மறுக்கும். அதை அணைக்க ஒரு மருந்தை நாற்பது பேரின் செல்களில் சோதித்துவிட்டாள். அந்த மருந்துக்கு அது அணைந்தது மாயாண்டியின் செல்களில் மட்டும்தான். ஏன் என்று தெரிய அந்தச் செல்கள் வேண்டும். இனி இருப்பது தொட்டிக்குள், ஓர் அலுமினியத் தண்டில் செருகி உறைய வைத்த மூன்று குப்பிகள்.

அவன் மூடியைத் திறந்தான். வெண்புகை வழிந்து, சுண்ணாம்பு மலையடிவாரத்து மூடுபனி போலத் தரையில் பரவியது. வேண்டாம் என்று அவள் கத்தி முடிப்பதற்குள், மாயாண்டியின் பெயர் எழுதிய தண்டை அமீருலின் ரத்தத்தில் நனைந்திருந்த கையால் பிடித்து உருவினான். கை தண்டோடு ஒட்டிக்கொண்டது. கத்தியைப் போட்டுவிட்டு மறு கையால் பிய்க்கப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் கிழிந்தது. அவனிடமிருந்து வந்த ஒலி மனிதக் குரலாகவே இல்லை.

தினேஸ்வரி அவன் கையை இழுத்து, முப்பத்தேழு டிகிரியில் எப்போதும் சூடாக இருக்கும் நீர்த்தொட்டிக்குள் தண்டோடு அமுக்கினாள். உறைந்த கைக்கும் அதுதான் வைத்தியம். உறைந்த செல்களை எழுப்புவதும் அப்படித்தான். குப்பிகளுக்குள் பனி உருகுவதைப் பார்த்தாள்.

"எடுங்கக்கா. உடனே மாத்தினா பொழைச்சுக்கும்லா," என்றார் அமீருல், சுவரோரம் அமர்ந்து கையைத் துணியால் இறுக்கியபடி. உறையும்போது செல்களைக் காக்கக் குப்பியில் கலந்திருந்த திரவமே, உருகியபின் அவற்றைக் கொன்றுவிடும். உடனே சத்துத் திரவத்துக்கு மாற்ற வேண்டும்.

தர்மேந்திரனின் விரல்கள் தளர்ந்தன. தண்டு தண்ணீருக்குள் நழுவியது. எடுப்பதற்கு இனித் தடை எதுவும் இல்லை. அவள் கை பாதி தூரம் நீண்டது.

"அப்பா செத்துட்டாராக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் குப்பிகளை ஒளித்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தாள். அது வலியை மறந்து அவள் பதிலுக்காகக் காத்திருந்தது.

"இன்னும் இல்ல. இப்பதான் முழிச்சிருக்காரு. அப்படியே விட்டா கொஞ்ச நேரத்துல போயிருவாரு."

"விட்ருங்க."

அமீருல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நீட்டிய கையால் தர்மேந்திரனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மெல்லச் சிவந்தது. குப்பிகள் அடியில் கிடந்தன. இருபது நிமிடம், அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டாரு," என்றாள்.

அவன் கையை வெளியே எடுக்காமல், அமீருலைப் பார்த்தபடி, "அந்த அண்ணன் கையைப் பாருங்கக்கா," என்றான்.