தூலேயின் கிழிந்த காது

சீ, அந்த வெள்ளிக்கிழமை தின்ற ரொட்டி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

என் பெயர் மெரெட்டெ. பதினோரு வருடமாக ஒரு பதிப்பகத்தின் குழந்தைப் புத்தகங்களுக்குத் தூலே என்ற முயலை வரைகிறேன். அதற்கு ஒரு காதின் நுனி கிழிந்திருக்கும். என் மகள் நாலு வயதில் தன் பொம்மை முயலின் காதைக் கத்தரித்துவிட்டு அழுதாளே, தூலே பிறந்தது அந்த அழுகையில்தான்.

இணையத்தில் கிடக்கும் படங்களைத் திருடித் தின்று, அதே மாதிரி புதுசாகத் துப்பும் செயற்கை நுண்ணறிவு மிஷின்கள் வந்தன. என்னைப் போலவே அந்தப் பதிப்பகத்துக்கு வரையும் தோழி விபெக்கெதான் அதிலிருந்து தப்பிக்க வழி சொன்னாள். இணையத்தில் ஏற்றும் முன் ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு மென்பொருள் பொடி மாதிரி நுண்ணிய புள்ளிகளைத் தூவும். நம் கண்ணுக்குத் தெரியாது. மிஷினுக்கு முயல் நாற்காலியாகத் தெரியும். ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம். வியாழன்தோறும் அவள் வீட்டில் கணினிகளைக் கொதிக்க விட்டுக் காவல் இருப்போம். "முயலுக்குப் பேன் மருந்து போடுறோம்டி" என்பாள்.

பதிப்பகத்தில் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒன்றாகக் காலை உணவு. ரொட்டி வாங்கிவருவது அந்த வாரம் என் முறை. வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தேன். பதிப்பாசிரியர் தோர்கில் சுவரில் படங்களைப் போட்டார். கப்பலில் தூலே. நான் வரையவே இல்லை. ஒரு படத்தில் இரண்டு காதும் கிழிந்திருந்தன; அடுத்ததில் இரண்டும் முழுசு. பாதத்தில் ஏழு விரல்.

"இது எப்படி வந்துச்சு?"

"உங்க படங்கதான் மெரெட்டெ. மிஷினுக்குக் கொஞ்சம் காமிச்சோம்."

"எல்லாத்துலயும் பொடி தூவியிருக்கேனே."

"அச்சுக்குக் குடுத்ததுல இல்லையே. போன வருஷம் அச்சுல புள்ளி புள்ளியா விழுதுன்னு சொன்னோம், நீங்கதான் முந்நூறு படத்தையும் பொடி இல்லாம சுத்தமா திருப்பி அனுப்புனீங்க. மன்னிப்பு வேற கேட்டீங்க."

கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"விரல், காது, இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. அட்டையில உங்க பேர்தான்."

"அது எடுத்த வாந்திய நான் தொடைக்கணும், அதுக்கு என் பேரு வேறயா? முடியாது. தூலே இல்லாம புத்தகம் போட்டுக்கோங்க."

"ஒப்பந்தப்படி தூலே எங்களோடது. நீங்க இல்லன்னாலும் நடக்கும். விபெக்கெ ஒத்துக்கிட்டாங்க."

விபெக்கெ எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் வாங்கிவந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"யாராவது பண்ணத்தான் போறாங்க மெரெட்டெ. நானா இருந்தா ஒழுங்காவாவது பண்ணுவேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, கிழிஞ்சது எந்தக் காது? இடதா, வலதா?"

எத்தனை வியாழக்கிழமைகள் அந்தக் காதை என்னோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஷினையே கேளு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ரொட்டிப் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.