அலமாரிக்குள் கேப்டன்

எங்கள் வீட்டு அலமாரியைச் செய்த தச்சர் அதற்குள் இரண்டு பேர் உட்காருவார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நானும் அண்ணனும் உட்காருகிறோம். நடுத்தட்டுகளைக் கழற்றிவிட்டோம். கீழே பழைய மெத்தையை மடித்துப் போட்டிருக்கிறேன். தலைக்கு மேல் கோட்டுகளும் கம்பளிகளும் தொங்கும். முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நடுவில் மைக்கை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளிச் சத்தம் உள்ளே வராது. காற்றும்தான் வராது, யாரிடம் போய்ச் சொல்வது?

"கவசத்தை ஏத்துங்க" என்பேன் நான்.

"கவசத்தை ஏத்துங்க" என்பான் அண்ணன்.

"ஒரு ஆளையும் விட்டுட்டு நான் போக மாட்டேன்."

"ஒரு ஆளையும் விட்டுட்டு நான் போக மாட்டேன்."

இப்படித்தான் ஒரு விண்கலம் என் படுக்கையறையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வானொலியில் 'துருவம் ஒன்பது' என்று ஒரு விண்வெளித் தொடர் வந்தது. வீடு திரும்ப வழி தெரியாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே அலையும் ஒரு கப்பலின் கதை. கப்பல் நடுவழியில் நிற்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல் நிலையத்தார் தொடரை நிறுத்திவிட்டார்கள். ஊரே மறந்துவிட்டது. அண்ணன் மறக்கவில்லை. பெரியவனான பிறகு தன்னைப் போலவே மறக்காத நாலைந்து பேரைத் தேடிப் பிடித்தான். விட்ட இடத்திலிருந்து கதையை அவர்களே நடத்த ஆரம்பித்தார்கள். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் வசனத்தை மட்டும் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். யாராவது ஒருவர் எல்லாவற்றையும் ஒட்டி நாடகமாக்குவார். கதை எழுதுகிறவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பொறுப்பாளர். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அவர் 'தாடி'தான். கப்பலின் கணினிக்குக் குரல், ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெண். கப்பல் டாக்டராகப் பேசுகிறவர் ஜிம் மாஸ்டர். கேப்டன், என் அண்ணன்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதிரே லாரி வரும்போதும் குரலை உயர்த்தாமல் "பிரேக்" என்று சொல்லிப் பழகியவன். கேப்டனுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

போன வருடம் அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கைகால் தேறிவிட்டது. பேச்சு தேறவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவன், அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா எனக்குப் பொறுமையாகச் சொன்னார்கள்: நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். தானாக ஒரு வாக்கியத்தைக் கோக்க வராது, எழுத்தைப் பார்த்து வாசிக்கவும் வராது. ஆனால் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வரும். அது கொஞ்சம் அபூர்வம்தான், அதனால் அவனுக்கு வாக்கியங்களைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அவனுக்கென்று மிஞ்சிய சொந்த வார்த்தை ஒன்றுதான்: "அதான்". பசித்தால் அதான். கோபம் வந்தால் அதான். மழை வந்தால் ஜன்னலைக் காட்டி அதான். மற்றபடி தெருவில் பழம் விற்கிறவர் கூவினால் இவனும் கூவுவான். லிஃப்ட் "கதவு மூடுகிறது" என்றால் இவனும் அதே பவ்யத்தோடு சொல்வான். கூட வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே எரியும் எண்களைப் பார்ப்பார்கள்.

வாக்கியம்தானே கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் கேப்டனின் பழைய வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பழைய குரல், பழைய தோரணை. ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேனே, அதோடு நான் மாட்டிக்கொண்டேன். இத்தனைக்கும் எனக்கு விண்வெளிக் கதையே பிடிக்காது. வழி தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றுதான் சின்ன வயதிலேயே தோன்றும்.

வேலை இதுதான்: நான் ஒரு வரி சொல்வேன், அவன் சொல்வான். பிறகு கம்ப்யூட்டரில் என் குரலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அவன் குரலை மட்டும் சேர்த்துத் தாடிக்கு அனுப்புவேன். ஆனால் அண்ணன் வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்கிறவன் இல்லை. தொனியையும் சேர்த்துச் சொல்வான். நான் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் போனில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் ஓடாத மெஷின்களுக்கெல்லாம் வருத்தம் தெரிவித்துத் தொண்டைத் தண்ணீர் வற்றி வருகிறவள், "தாக்குங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேப்டனும் அப்படியே தாக்கச் சொன்னார். எங்கள் நாடகத்தைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் பாம்புக் காது. "கேப்டன் என்ன, லீவு கேக்குற மாதிரி சண்டை போடுறாரு?" என்று ஒருவர் எழுதினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த பகுதியில் அலமாரி அதிரக் கத்தினேன்.

அந்தப் பகுதியில்தான் வினை வந்தது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, "ஐயோ, அடுப்புல பால வச்சேனா?" என்றேன். கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் அண்ணன் என்ன சொன்னான் என்பது என் காதில் விழவில்லை. வெட்டி ஒட்டும்போது கண் செருகிக்கொண்டு வந்தது. என் குரலை வெட்டினேன், அவன் குரலை விட்டேன், அனுப்பிவிட்டேன். தாடியும் கேட்காமலே ஒட்டியிருக்கிறார்.

புதுப் பகுதி தயாரானால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் போனில் ஒன்றாக இணைந்து ஒரே நேரத்தில் கேட்பது அவர்கள் வழக்கம். முடியும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. நானும் அண்ணனும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. பல் மருத்துவரிடம் எச்சில் உறிஞ்சும் குழாய் இருக்கிறதே, அதன் இரைச்சல்தான் கப்பலின் இன்ஜின். என் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு இழுபடும் சத்தம் கப்பலின் கதவு. எல்லாம் தெரிந்திருந்தும் எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. அண்ணன் கண்ணை மூடி, சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கப்பலிலேயே இருந்தான். எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள். கணினி கேட்கிறது: "கேப்டன், உங்க உத்தரவு?"

கேப்டன் ஆழ்ந்த குரலில், தாங்க முடியாத கவலையோடு சொன்னார்: "ஐயோ, அடுப்புல பால வச்சேனா?"

முதலில் ஜிம் மாஸ்டர் சிரித்தார். பிறகு அந்தப் பெண். பிறகு எல்லோரும். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எத்தனையோ நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே திரும்பினால், அண்ணன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது. "அதான்" என்றான், மெதுவாக.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தாடி கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா, தப்பா எடுத்துக்காத. அவனைப் பாத்து எல்லாரும் சிரிச்சிட்டாங்களேன்னு எனக்கே மனசு சரியில்ல."

"நானும்தாண்ணா சிரிச்சேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். கேப்டனுக்கு மரியாதையா ஒரு முடிவு கொடுத்திடலாம். டாக்டர் கையில கப்பலைக் கொடுத்துட்டு, எல்லாரையும் காப்பாத்திட்டு, தனியா வெளியே போயிடுறாரு. எழுதிட்டேன். படிச்சா நீயே அழுவ."

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"அவன்கிட்ட நான் எப்படிம்மா..."

"அப்ப அதையும் என் தலையிலதான் கட்டுறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்: சந்தோஷம். இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் அலமாரிக்குள் போய் வேக வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் தூக்கத்தில் சாமியாட வேண்டாம். தூங்கலாம். அலமாரிக்கு வெளியே என் அண்ணனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது, கேப்டன் போனால் அதோடு சரி என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் சந்தோஷப்பட்டேன். அவ்வளவு களைப்பு.

சனிக்கிழமை. கதவைச் சாத்தினேன், பதிவுப் பொத்தானை அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்தத் தடவையோட கேப்டன் போறாருண்ணா. தாடி அப்படித்தான் எழுதியிருக்காரு. நல்லா எழுதியிருக்காரு" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். நான் வசனத்தாளைப் பார்த்தேன்.

"இந்தக் கப்பல்தான் எனக்கு வீடா இருந்துச்சு."

"இந்தக் கப்பல்தான் எனக்கு வீடா இருந்துச்சு."

"உங்களை விட்டா எனக்கு வேற சொந்தம் கிடையாது."

"உங்களை விட்டா எனக்கு வேற சொந்தம் கிடையாது."

"ஆனா, இனிமே என்னால முடியல."

பதில் இல்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். பழக்காரருக்குத் திறக்கிற வாய், லிஃப்டுக்குத் திறக்கிற வாய், எனக்குத் திறக்கவில்லை.

"சொல்லுண்ணா."

அதைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.

"அடம் பிடிக்காத. இந்த ஒரு வரிதான். சொன்னா முடிஞ்சுது. இனிமே என்னால முடியல. சொல்லு. இனிமே என்னால முடியல."

சொல்லச் சொல்ல என் குரலிலிருந்து கேப்டன் கழன்றுகொண்டே போனார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு கட்டத்தில் தாளைக் கசக்கிக் கீழே போட்டேன்.

"என்னால முடியலண்ணா. நிஜமாவே முடியல. வர்றவன் போறவன் மெஷினுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன், வந்தா உனக்குச் செய்யணும், உனக்கப்புறம் உன் கப்பலுக்கு. நான் எப்பண்ணா உக்காருறது? என்னால முடியல."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இப்போது இவன் இதைத் திருப்பிச் சொல்வான். என் அழுகை, என் இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக அவன் வாயிலிருந்து வரும். அதைக் கேட்க என்னால் முடியாது என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

வரவில்லை. கையை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் குனிந்து பதிவுக் கருவியைத் தடவிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு அணைந்தது. கதவிடுக்கில் வந்த கீற்று வெளிச்சத்தில் அவன் தாடை அசைவது தெரிந்தது, மழைக்கு ஊதிப்போன கதவைத் தோளால் தள்ளுகிறவன் மாதிரி. கழுத்து நரம்பு புடைத்தது.

"போய்..." என்றான். "போய்ப் படு."

நான் கொடுத்த வாக்கியம் இல்லை அது. தாடி எழுதியதும் இல்லை. அவன் காலால் கதவைத் திறந்துவிட்டு, கட்டிலைக் கையால் காட்டினான். நான் போய்ப் படுத்தேன். பட்டப்பகலில், விளக்கு, அடுப்பு, துணி எதையும் நினைக்காமல், படுத்த மாதிரியே தூங்கிப்போனேன்.

போன் அடித்து எழுப்பியது. தாடிதான்.

"முடிஞ்சுதாம்மா? கடைசி வசனம் அனுப்பிட்டியா?"

"கேப்டன் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

"என்னது?"

"போக மாட்டாராம். கதையை மாத்துங்க. களைச்சுப்போன கேப்டன்னு எழுதுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா என்னால மட்டும் முடியலண்ணா. வாரம் ஒருத்தரா வந்து அலமாரியில உக்காருங்க. ஜிம் மாஸ்டரை முதல்ல வரச் சொல்லுங்க. அவரு கத்தினா கேப்டன் தானா எந்திரிச்சு சண்டை போடுவாரு."

"நீ இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?" என்றார் தாடி.

"நீங்களும் கேட்டிருக்கலாம்ல?"

"சரிம்மா. அடுத்த வாரம் நானே வரேன்."

போனை வைத்தபோது அலமாரிப் பக்கமிருந்து முனகல் மாதிரி ஒன்று கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான். "போ..." என்றான். "போ... போ..." சொன்னதை மறுபடி பிடிக்கப் பார்க்கிறான் என்று புரிந்தது. அது வரவில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்தி, தோற்றுப்போன முகத்தோடு "அதான்" என்றான்.

நான் சொன்னால் உடனே சொல்லிவிடுவான். இரண்டே வார்த்தை, என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் நான் எடுத்துக் கொடுத்தால் அது என்னுடையதாகிவிடும். உள்ளே போய் அவன் எதிரே உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, காத்திருந்தேன்.