ஜீவராணியின் நிரை

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, டொக்டர் சர்மிளா இருமல்காரர் ஒருவரின் முதுகில் குழல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்குகளுக்கு நடுவே கிடந்த ஜீவராணியை, அவளோடு வேலை செய்த பெண்கள் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கிக் கண்கள் மறைந்திருந்தன. மூச்சு சீழ்க்கை அடித்தது.

"குளவிங்க டொக்டரம்மா! கொழுந்தெடுக்கிறப்ப கலைஞ்சிருச்சி!"

தொடையில் அட்ரினலின் ஊசி, முகத்தில் ஒட்சிசன், கையில் சேலைன். மத்தியானத்துக்குள் மூச்சு அமைதியானது.

மறுநாள் காலை ஜீவராணி கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே போகலாங்களா டொக்டரம்மா?"

"எங்க?"

"மலைக்குத்தான், கொழுந்தெடுக்க. வேற எங்க, சினிமாவுக்கா?"

"அந்தப் பக்கமே போகாதீங்கக்கா. இன்னொரு தடவை ஒரு குளவி கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து."

"அதக் குளவிகிட்டச் சொல்லி வைங்க." சிரிக்கப் போய் வீங்கிய உதட்டைப் பிடித்துக்கொண்டாள். "எந்த நிரையில நின்னு பறிக்கணும்னு கங்காணிதானே சொல்றாரு? வீட்டுல நான் மட்டுந்தான் தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கேன். வேலைய விட்டா நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் விடணும்."

"மரத்துல கூடு இருக்குன்னு சொல்லலையா?"

"சொல்லாம? கலைக்க ஆள் வருதுன்னாங்க. குளவிதான் வந்துச்சு."

வார்ட்டை விட்டு வெளியே வந்த சர்மிளாவுக்குப் பேராதனை மருத்துவபீடம் ஞாபகம் வந்தது. லயத்திலிருந்து போன பிள்ளை; இங்கிலீஷ் நாக்கில் புரளாமல் முதல் வருடம் முழுவதும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவள். கடைசி வருட வாய்மொழிப் பரீட்சையில் குளவிக் கொட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். மருந்தையும் அளவையும் தடங்கலில்லாமல் சொன்னாள்.

"பிழைத்தவரை என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்றார் பேராசிரியர்.

"குளவி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டாம் என்பேன்."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கன்டீனில் பிளேன்டீ குடித்தபோது அப்போதே டொக்டராகிவிட்ட மாதிரி இருந்தது.

வேலைக்கு வந்த பிறகு, மருந்து பெரும்பாலும் கைக்கு எட்டியது. அந்தக் கடைசி வாக்கியம்தான் எட்டவில்லை. இடுப்பு வலிக்காரரிடம் பாரம் தூக்காதீர்கள் என்றாள். சளிக்காரியிடம் நனையாதீர்கள் என்றாள். எல்லோரும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் மழையில் சுமையோடு நடந்தார்கள்.

இந்த முறை அப்படி விட மனம் வரவில்லை. தோட்டத்து மானேஜர் துரைக்கு ஃபோன் எடுத்து, சிங்களத்தில் விவரமாகச் சொன்னாள். கூட்டைக் கலைக்க வேண்டும், அதுவரை ஜீவராணியை அங்கே அனுப்பக்கூடாது என்றாள். துரை மரியாதையாகவே பேசினார். ஜீவராணியை உடனே மாற்றிவிடுவதாகவும், கூட்டைக் கலைக்க ஆளுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார். சர்மிளாவுக்கு நெஞ்சு லேசானது. அன்று சோற்றைக்கூட ருசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு முச்சக்கரவண்டி வந்தது. பின்சீட்டில் ஜீவராணி. அவள் மடியில் தலை சாய்த்து, முகம் வீங்கிக் கிடந்தாள் அவளோடு கொழுந்தெடுக்கும் மரியநாயகி.

மீண்டும் ஊசி, ஒட்சிசன், சேலைன். நாடியைப் பிடித்தபடியே சர்மிளா கேட்டாள்:

"எங்க வச்சுக் கொட்டிச்சு?"

"என் நிரையிலதாங்க." ஜீவராணி தலையை நிமிர்த்தவில்லை. "என்னைய மேல்மலைக்கு மாத்திட்டு, அங்க இவளப் போட்டாங்க."

"கூடு?"

"அப்படியேதான் இருக்கு."

மரியநாயகியின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. வராந்தாவில் கங்காணி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது திறந்த ஜன்னல் வழியே கேட்டது.

"ஆமாங்க தொரை, பொழச்சிக்கிருச்சி. நாளைக்கு அந்த நிரைக்கு வீரம்மாவப் போட்டுர்றேங்க."

மரியநாயகியின் கூந்தலில் செத்த குளவி ஒன்று சிக்கியிருந்தது. ஜீவராணி அதைப் பிரித்தெடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.