வெறும் வயிற்றில் வரவும்

பீரோ மேலிருந்த பையை இழுத்தபோது அது வாயைப் பிளந்துகொண்டது. மின் கட்டண ரசீதும் ஃப்ரிட்ஜ் வாங்கிய சீட்டும் அவள் தலையிலேயே கொட்டின. சாகும்போதுகூட இந்த மனிதர் ஒரு காகிதத்தை ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டுச் சாகவில்லை. முன்னறையில் புருஷனைக் கிடத்தியிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, தண்ணி குடு" என்றார். அவள் தண்ணீரோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது.

அடுத்த தெரு டாக்டர் இறப்புச் சான்று எழுத வந்திருந்தார். "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்காம்மா?" என்று அவர் கேட்டதற்குத்தான் இந்தத் தேடல்.

கிடைத்தது. எட்டு மாதத்துக்கு முன், கம்பெனி முதல்முறையாகக் கேட்ட உடல் பரிசோதனைக்காகத் தெருமுனை லேபில் கொடுத்த ரத்தத்தின் முடிவு. பார்க்காமலே ஒப்பிப்பாள். கெட்ட கொழுப்பு இருநூற்று எழுபது. மாத்திரை போடுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று கம்பெனியில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கரடியாய்க் கத்தினாள். மாத்திரையை நீட்டினால் நல்ல பிள்ளையாக வாயில் போட்டுக்கொள்வார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வாஷ்பேசினில் துப்பிவிடுவார். கேட்டால் ஒரு சிரிப்பு. "அந்த ரிப்போர்ட்டை நீ ஏன் இவ்ளோ நம்பற?" அந்தச் சிரிப்பை நினைத்தபோது இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. செத்துக் கிடக்கிறவர்மேல் கோபப்படக் கூடாதுதான். வருகிறதே, என்ன செய்ய?

டாக்டர் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு இருந்தா சாப்பாடு மட்டும் காரணமா இருக்காதும்மா. சில குடும்பங்கள்ல பிறவியிலேயே கல்லீரல் ரத்தத்துல இருக்கற கொழுப்பைச் சரியா எடுக்காது. அது பாட்டுக்குச் சேர்ந்து குழாயை அடைச்சுக்கிட்டே வரும். வெளியே ஒண்ணும் தெரியாது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள். வீட்டில் அவனை நெத்திலி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குத் தொப்பை முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். இவனோ ஊதினால் பறந்துவிடுவான். தினமும் வாலிபால் ஆடுகிறவன். டாக்டர் அவன் கண்ணையே பார்த்தார். இமை ஓரத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு வருஷமா இருக்கு சார். வலியெல்லாம் இல்ல."

"இதுவும் கொழுப்புதான். நீங்க உடனே ரத்தம் பார்க்கணும். ஒல்லி, குண்டுங்கறதெல்லாம் இதுல கணக்கே இல்ல."

டாக்டர் போன பிறகு அவன் சமையலறைக்கு வந்தான். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று அதன் கதவைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, அந்த ரத்தம் அண்ணனோடது இல்ல."

"எந்த ரத்தம்?"

"ரிப்போர்ட்ல இருக்கறது. அது என்னுது."

அவன் கொட்டித் தீர்த்தான்.

"ஃபெயிலாயிட்டா கிரேன்லேருந்து இறக்கிடுவாங்கன்னு பயந்துட்டாரு. நீ ஒல்லி, உன் ரத்தம் சுத்தமா இருக்கும், என் பேரைச் சொல்லிக் குடுத்துட்டு வாடான்னாரு. நானும் போனேன்."

"ரிப்போர்ட் வந்தப்போ என்ன பண்ணீங்க?"

"சிரிச்சோம் அண்ணி. உன்னைப் போயி நம்புனேனே, மானத்தை வாங்கிட்டியேன்னாரு. லேப்ல ஏதோ குளறுபடின்னு விட்டுட்டோம்."

எட்டு மாதம். எட்டு மாதமாக இன்னொருத்தன் ரத்தத்துக்காக அவள் இவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். மாத்திரை போட வேண்டியவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, எதிரே உட்கார்ந்து, சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவர் ரத்தத்தையோ யாருமே பார்த்ததில்லை. அதில் என்ன இருந்ததோ, இனி யாரும் பார்க்கப்போவதுமில்லை.

"அறிவிருக்காடா உங்க ரெண்டு பேருக்கும்?" அவன் தோளில் அடித்தாள். மறுபடி அடித்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவன் நகராமல் வாங்கிக்கொண்டான். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"கிளம்பு. லேபுக்குப் போறோம்."

"இப்பவா? நாலு மணிக்கு அண்ணனை எடுக்கணும் அண்ணி. நாளைக்குப் போய்க்கலாம்."

"உங்க வம்சத்துக்கே இந்த ஒரு வார்த்தைதான் தெரியுமா? நட."

வாசலில் பெரிய மாமா வழி மறித்தார். "நல்லா இருக்கும்மா! வந்தவங்க என்ன நினைப்பாங்க? இந்த நேரத்துல எங்க போற?"

"இவனையும் இதே இடத்துல படுக்க வைக்கக் கூடாதுன்னுதான் மாமா போறேன்."

அவர் வழி விட்டார்.

தெருமுனை லேபில் கூட்டமில்லை. சுவரில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று ஒட்டியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிராமலே கேட்டாள்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டது" என்றான்.

"ரொம்ப நல்லது. செல் நம்பர் சொல்லுங்க."

சொன்னான். தட்டியதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஏற்கெனவே வந்திருக்கீங்களே சார்!" என்று திரையில் இருந்த பெயரை இனிஷியலோடு சத்தமாக வாசித்தாள். வீட்டில் கிடத்தியிருக்கிற புருஷனின் பெயர். காலையிலிருந்து வீட்டில் எல்லோரும் அவரை 'பாடி, பாடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதானே சார்? பழைய நம்பர்லயே போட்டுடறேன்."

நெத்திலி இல்லையென்று தலையை அசைத்து, "அது எங்க அண்ணன்" என்றான்.

"ஓ, அவங்க வரலையா?"

"அவர் இங்க வந்ததே இல்லம்மா" என்றாள் அவள். "இவனுக்குப் புதுசா எழுது."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேர் சொல்லுங்க சார்" என்றாள். அவன் தன் பெயரைச் சொன்னான். அண்ணி கவுன்டரில் எட்டி, அது திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.