ஒரு காதில் இரண்டு பாட்டு

செவ்வாய், 12

இன்று ஒரு தப்புச் செய்தேன். சின்னத் தப்புதான், ஒரு கையெழுத்து. எந்த டிஜே மிஷின் வாங்குவது என்று வகுப்பில் டீச்சர் சுற்றுக்கு விட்ட தாளில், தையல் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டுவிட்டேன். யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

டிஜே வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறிலிருந்து எட்டு வரை, சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் நடக்கிறது. எட்டுப் பேர் படிக்கிறோம். இரண்டு பேருக்கு ஒரு மிஷின் போதும், பாதிப் பாதிப் பணம் போட்டு ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று டீச்சர் ஜோடி பிரித்துவிட்டார். என் ஜோடி தையல் அக்கா. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே எந்தப் பாட்டு போடுவது என்று தினமும் சண்டையாம். "ரெண்டு பாட்டையும் ஒட்டுப் போட்டு விட்டுட்டா எவளும் வாய் திறக்க மாட்டா" என்பதற்காகவே சேர்ந்தாராம். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் என்னைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுகிறார்.

இனி, தப்பு ஏன் தப்பு என்று எழுதுகிறேன்.

அறையில் ஒரு பாட்டு ஓடும். அடுத்த பாட்டு ஹெட்போனில் மட்டும் ஓடும். ஒரு காதால் அறையையும் மறு காதால் ஹெட்போனையும் கேட்டு, இரண்டின் தாளமும் சேர்ந்து விழும்வரை இரண்டாவது பாட்டைக் கொஞ்சம் தள்ள வேண்டும், இல்லையென்றால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சேர்ந்ததும் வெளியே விட வேண்டும். மூன்று வாரமாக இதுதான் பாடம்.

எனக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. போகும்போது காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குத் தெரியும். வகுப்பில் யாருக்கும் தெரியாது. ஹெட்போனை வலது காதில் வைத்தால் அறை போய்விடுகிறது, எடுத்தால் ஹெட்போன் போய்விடுகிறது. அதனால் மிஷின் திரையில் தாளத்தைக் காட்டி ஓடும் கோடுகளைப் பார்த்துத்தான் மூன்று வாரமும் பொருத்தினேன். இன்று டீச்சர், "கண்ணை மூடிட்டே பிடிச்சிட்ட போல!" என்று பாராட்டினார். நான் கண்ணை மூடவில்லை. முடி முகத்தில் விழுந்திருந்தது. அந்தப் பாராட்டின் சூட்டில்தான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் கடையில் பவர் பார்க்கும்போது, கடைசி வரி எழுத்துகளைக் குத்துமதிப்பாகச் சொல்பவர்களை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் குரல் கொஞ்சம் உயரும். டீச்சருக்கு "ஆமா டீச்சர்" என்றபோது என் குரலும் உயர்ந்தது.

சனிக்கிழமை மிஷினுக்கு ஆர்டர் சொல்லிவிடுவார்கள். அதற்குள் இரண்டில் ஒன்று. உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது வகுப்பிலிருந்து நின்றுவிட வேண்டும்.

அண்ணனிடம் கேட்டேன். "நீ டிஜே ஆகறதும் நான் நீச்சல்ல மெடல் வாங்கறதும் ஒண்ணு" என்றான். அவன் வாளித் தண்ணீருக்கே பயப்படுகிறவன். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "லைட்டு நிறைய எரியறதா பார்த்து வாங்கு. கேக்கலைன்னாலும் பார்க்கலாம்ல" என்றான். இடது பக்கமாக வந்து இன்னும் ஏதோ சொன்னான். நல்ல வேளை, கேட்கவில்லை.

புதன், 13

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் விற்கும் கடைக்குப் போனேன். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு போனேன். கற்றுக்கொள்பவர்களுக்கான மிஷின்கள் மூன்று வெளியே வைத்திருந்தார்கள். மூன்றிலும் இரண்டு சுழல் தட்டுகள், நடுவே சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டைகள், மேலே சின்னத் திரை, முன்பக்கம் ஹெட்போன் துளை. நாங்கள் கையெழுத்துப் போட்டது முதலாவது. எடை குறைவு, லைட்டும் நிறைய. அண்ணனுக்குப் பிடிக்கும்.

கடைக்காரர் என் பின்னாலேயே நின்றார். "என்னம்மா, இன்ஸ்பெக்டரா? நோட்டு, பேனா எல்லாம் இருக்கு."

"படிக்கறேன் சார்."

"எல்லாரும் தட்டைச் சுத்திப் பார்ப்பாங்க. நீங்க குனிஞ்சு துளையைப் பார்க்கறீங்க."

இரண்டாவது மிஷினில் ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில் விரலால் திருப்பும் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று சத்தத்துக்கு. மற்றது எதற்கு என்று கேட்டேன்.

"அதுவா? ஹெட்போனுக்குள்ள அடுத்த பாட்டு எவ்வளவு, வெளிய ஓடற பாட்டு எவ்வளவுன்னு கலந்துக்கறது. நடுவுல வச்சா ரெண்டும் கேக்கும். யாரும் தொடறதில்லைம்மா."

நடுவில் வைத்து, ஹெட்போனை வலது காதில் அழுத்தினேன்.

இரண்டும் கேட்டன. ஒரே காதில் இரண்டு தாளமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு, மாடிப்படியில் நான்கு பேர் ஒன்றாக இறங்குவது போல ஓடின. சகிக்க முடியாத சத்தம். ஆனால் இரண்டு என்று தெரிந்தது. மூன்று வாரத்தில் இன்றுதான் முதல்முறையாகத் தெரிந்தது. தட்டை மெதுவாகத் தள்ளினேன். நான்கு பேர் மூன்று பேரானார்கள், இரண்டு பேரானார்கள், ஒரு நொடி ஒரே ஆள் இறங்கினார். உடனே தடுக்கி விழுந்தார்.

பன்னிரண்டு முறை முயன்றேன். இரண்டு முறை பிடித்தேன். கட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

முதல் மிஷினில் அந்தத் திருகு இல்லை. இருமுறை பார்த்தேன். கடைக்காரரையும் பார்க்கச் சொன்னேன். "இல்லைன்னா இல்லைம்மா, நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கேன்?" என்றார்.

திரும்பி வரும்போது சந்தேகம் வந்தது. பன்னிரண்டில் இரண்டு என்பது திருகு இருந்தும் எனக்கு வரவில்லை என்றுதானே பொருள்? அதற்காக இன்னொருவர் மிஷினை மாற்றச் சொல்லலாமா? இதே யோசனையில் எங்கள் கடையில் ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டும் பார்த்தார்.

வியாழன், 14

ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். தையல் அக்கா எனக்கும் முன்னால் வந்திருந்தார். மடியில் நீலத் துணியில் ஏதோ இருந்தது.

"கண்ணாடி, இங்க வா. மிஷினுக்கு உறை தச்சுட்டேன். கடைல அதோட அட்டைப்பெட்டில போட்டிருந்த அளவை வச்சுத் தச்சது. உள்ள பஞ்சு வச்சிருக்கேன், கீழ விழுந்தாலும் அழாது."

வயர் போக ஓட்டை, அதைச் சுற்றி, பொத்தான் ஓட்டைக்குப் போடுகிற காஜா தையல். முதல் மிஷினின் அளவு அது. இரண்டாவது நான்கு விரல் அகலம் கூட.

"அக்கா, அந்த மிஷின் எனக்குச் சரிவராது."

"ஏன்? கலர் பிடிக்கலையா?"

"எனக்கு இடது காது கேக்காது."

ஊசியைத் துணியில் குத்தினார். அனுதாபப்படப் போகிறார் என்று பயந்தேன். அவர் முகம் வேறு மாதிரி மாறியது.

"அடிப்பாவி! அப்போ மூணு வாரமா நான் உன் இடது பக்கம் உக்காந்து புலம்பினதெல்லாம்?"

"கேக்கலைக்கா."

"என் மாமியார் கதை? தையல் மிஷின் பெல்ட் அறுந்த கதை?"

"ஒண்ணும் கேக்கலை."

"நீ மூஞ்சியைத் திருப்பாம இருந்தியா, திமிர் பிடிச்ச பொண்ணுன்னு நினைச்சேன். வீட்டுல போய் அவர்கிட்ட உன்னைத் திட்டினேன், தெரியுமா?" என்றவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். "இப்போ சொல்லு. அந்த மிஷினுக்கு என்ன கேடு?"

நோட்டைத் திறந்து கட்டத்தைக் காட்டினேன். திருகைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டில் இரண்டு என்பதையும் மறைக்கவில்லை. மறைக்கத்தான் நினைத்தேன், ஆனால் விரலால் மூடியிருந்த இடத்தை அவர் தூக்கிப் பார்த்துவிட்டார்.

டீச்சர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். திரையைப் பார்த்துப் பொருத்தியதையும் சேர்த்துச் சொன்னேன்.

"முதல் நாளே ஏன் சொல்லலை?"

"வேண்டாம்னு அனுப்பிடுவீங்கன்னு."

"அனுப்பியிருக்க மாட்டேன். ஆனா இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டேன். மூணு வாரம் வீணாப் போச்சு பாரு." பிறகு, "ஒரு காதுல வருமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. நான் அப்படிக் கேட்டதில்லை. மிஷினை மாத்தறதைப் பத்தி ரெண்டு பேரும் பேசி நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க" என்றார்.

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தெரியாது என்று சொன்னது, யோசித்துப் பார்த்தால், அதைவிட மேல். ஆனாலும் வகுப்பு முழுக்க ஹெட்போனைத் துடைத்துத் துடைத்து வைத்தேன்.

எட்டு மணிக்குப் படியிறங்கும்போது தையல் அக்கா நின்றார்.

"இங்க பாரு கண்ணாடி. உன் மேல பரிதாபப்பட்டு மிஷினை மாத்த மாட்டேன். அது பெருசு, பஸ்ல தூக்கிட்டுப் போகப்போறது நானு. உறை வேற தண்டமாப் போகும். உனக்கு அதுல வரும்னு தெரிஞ்சா மாத்தறேன். வராதுன்னா நீயும் வாங்காதே, பாதிப் பணத்தைப் போட்டுட்டு வீட்டுல உக்காந்து அழுவே. என் கண் முன்னாடி பத்து தடவை பண்ணு. அஞ்சு பிடிச்சின்னா அதையே வாங்கறோம்."

"அஞ்சு அதிகம்கா."

"சரி, நாலு. அதுக்கு மேல குறைக்க மாட்டேன், நான் என்ன காய்கறியா விக்கறேன்?"

நான்குக்கு ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால், பன்னிரண்டில் இரண்டு என்பது பத்தில் இரண்டுகூட இல்லை.

நாளை: கடையில் ஐந்து மணிக்கே கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். ஐந்தேகாலுக்கு மிஷின் கடை வாசலில் அக்காவைப் பார்க்க வேண்டும். இரண்டாவது மிஷின், திருகு நடுவில், திரையை அக்கா துப்பட்டாவால் மூடுவார். பத்து முறை. பிடித்தேனா இல்லையா என்று அவரே நோட்டில் குறிப்பார்.