ஐம்பத்திரண்டு நிமிடம்

காத்தான்குடியில் ஒரு பாடத்தை வீடியோ எடுப்பதென்றால் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு இடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு பள்ளிவாசல் முடிக்கும்போது அடுத்தது தொடங்கும், அது முடிய இன்னொன்று. அவ்வளவு நேரமும் பாடம் நடத்தும் அஸ்மியா டீச்சர் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார். கமெரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அந்த நேரத்தை வெட்டி எறிவது நிஸ்றாவின் வேலை.

துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் முனாஸ் நடத்தும் சின்ன நிறுவனத்தில் இணையவழிப் பாடங்களைத் தொகுப்பவள் அவள். பட்டம் பெற்று நாலு வருடம் வீட்டில் குந்தியிருந்த பிறகு கிடைத்த வேலை. வெட்டுவதில் கெட்டிக்காரி. வெட்டிய இடத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கெட்டித்தனத்தால் ஒருத்தியின் பிழைப்பே போகும் என்று யார் கண்டது?

பாலர் பாடசாலைகளில் தொண்டராக வேலை செய்யும் ஆசிரியைகளுக்கு மட்டக்களப்பு நிறுவனம் ஒன்று கேட்டு வாங்கிய பயிற்சி அது. பன்னிரண்டு பாடங்கள். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் பன்னிரண்டுக்கும் பார்த்து முடித்ததற்கான பச்சைக் குறி விழுந்தால்தான் நிரந்தர நியமனம். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் முடித்துவிட்டார்கள். மிஞ்சியவள் மாங்கேணிக் கலாஜினி. ஆறு வருடமாக அங்குள்ள பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள். அவளுக்குக் கடைசிப் பாடத்தில் மட்டும் பச்சை விழவே இல்லை.

புதன்கிழமை அவள் அழைத்தபோது நிஸ்றா எதையும் திறந்து பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதையே சொன்னாள்: லைன் பிரச்சினையாக இருக்கும், கீழே ஓடும் கோட்டை விரல் வைத்து இழுக்காமல் முதலிலிருந்து பாருங்கள். கலாஜினி சொன்ன சொல் தட்டாதவள். சிக்னல் கிடைக்கும் மதகுக் கட்டின் மேல் வெயிலோடு வெயிலாக உட்கார்ந்து பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மீண்டும் அழைத்தாள்.

“மிஸ், ஒம்பது தரம் பாத்திட்டன். கையே வைக்கல்ல. டீச்சர் பாடத்த முடிச்சுப் போட்டுப் போறா, ஆனா கீழ இன்னும் பதினொரு நிமிசம் இரிக்கெண்டு காட்டுது.”

பதினொரு நிமிடம் என்றதும் நிஸ்றா அந்தப் பாடத்தைத் திறந்து பார்த்தாள். பாடத்தின் நேரத்தை அந்த மென்பொருளில் கையால்தான் பதிய வேண்டும். மற்றப் பதினொரு பாடங்களுக்கும் வெட்டிய பிறகு பதிந்தவள், இதற்கு மட்டும் அவசரத்தில் வெட்டுவதற்கு முன்பே பதிந்திருக்கிறாள். திரையில் ஐம்பத்திரண்டு நிமிடம், வீடியோவில் நாற்பத்தொன்று. அஸ்மியா டீச்சர் பேசாமல் இருந்த பதினொரு நிமிடத்தையும் பார்த்தால்தான் பச்சை விழும். அதுவோ வெட்டி வீசப்பட்டுவிட்டது.

அப்படியானால் மற்றவர்கள்? பதிவுகளைத் திறந்தாள். முப்பத்தொரு பேரும் விரலால் கோட்டைப் பிடித்து முடிவுக்கு இழுத்திருந்தார்கள். கோடு ஐம்பத்திரண்டைத் தொட்டதும் மென்பொருள் மறுபேச்சில்லாமல் பச்சை போட்டிருந்தது. பாடத்தைச் சோதித்துப் பார்த்த அன்று நிஸ்றா செய்ததும் அதேதான். ஒழுங்காக உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் மாட்டிக்கொண்டாள்.

முனாஸிடம் ஓடினாள். எண்ணைத் திருத்தி மறுபடி வெளியிட்டால் இந்தப் பாடத்தின் பதிவுகள் எல்லாருக்கும் அழிந்துவிடும். அழியாவிட்டாலும் மட்டக்களப்பு நிறுவனத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நாப்பத்தொரு நிமிசப் படத்த முப்பத்தொரு பேர் அம்பத்திரண்டு நிமிசம் பாத்ததா இரிக்கி, தங்கச்சி. நம்பர்ல கைய வெச்சா அவங்கட வேலையும் போகும், நம்மட வேலையும் போகும். பேசாம அந்தப் புள்ளையையும் இழுத்து விடச் சொல்லுங்க.”

முனாஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மனம் ஆறலாம். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கலாஜினிக்கு அழைத்தாள். கிடைக்கவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில் நாலு தரம் முயன்றாள், பிறகும் முயன்றாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைத் திறக்கவே மனம் வரவில்லை.

மூன்று மணி தாண்டியதும் அழைப்பு வந்தது. கலாஜினியின் இலக்கந்தான், ஆனால் பேசியவர் மட்டக்களப்பு நிறுவனத்தின் அதிகாரி சுபாகரன். கைபேசியின் உயிர் போகும் தறுவாயில் அதை அணைத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி நேரிலேயே முறையிட வந்துவிட்டாளாம் கலாஜினி. அவர்தான் அதற்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாராம். இப்போது பக்கத்தில் நிற்கிறாளாம், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாராம்.

“மிஸ், பன்னிரண்டாம் பாடம் அம்பத்திரண்டு நிமிசந்தானே? இவ ஒம்பது தரமும் நாப்பத்தோராவது நிமிசத்தில எழும்பிப் போனதாத்தான் எங்கட பதிவில கிடக்கு. இவ இல்லையெண்டு சொல்றா. நீங்க ஒரு சொல் சொன்னா நான் நாலு மணிக்கு முன்னம் முடிவெடுத்திருவன்.”

நிஸ்றா நிமிர்ந்து பார்த்தாள். முனாஸ் எதிரே நின்றார். தலையை ஆட்டவுமில்லை, கையைக் காட்டவுமில்லை. முப்பத்தொரு பேரையும் அவள் நினைத்தாள். திரும்பவும் வீட்டில் குந்தியிருக்கப்போகும் தன்னையும் நினைத்தாள். மறைக்க என்ன இருக்கிறது, தன்னைத்தான் அதிகம் நினைத்தாள்.

“ஓம் சேர். அம்பத்திரண்டு நிமிசம் சரிதான்.”

மறுமுனையில் கலாஜினி பேசினாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

“மிஸ்ஸே சொன்னா அது சரியாத்தான் இரிக்கும், சேர். நான்தான் ஒவ்வொரு தரமும் கடைசியில கண்ணயர்ந்திட்டன் போல.”

சுபாகரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மிஸ்ஸை வீணாகக் கஷ்டப்படுத்திவிட்டேன் என்று நிஸ்றாவிடமும் மன்னிப்புக் கேட்டாள்.