இரைச்சல் நாடா

மகள் மறுபடியும் ரகசிய எண்ணைத் தப்பாக அடித்தாள். அம்மாவின் போன் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது.

"உரிமையாளர் வந்து உறுதி செய்யணுமாம்ப்பா."

"உரிமையாளர் கூடத்துல படுத்திருக்கா. போய்க் கேளு," என்றார் கிழவர். சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. லாரி பட்டறையில் வளர்ந்த வாய். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

மயானத்துக்குப் போகும் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. தொண்டையில் புற்று வந்து, கடைசி வருஷம் முழுக்க அம்மாவுக்குப் பேச்சே இல்லை. மகள் வெளியூரிலிருந்து விழுந்தடித்து வந்தும் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. தூக்குவதற்குள் ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. பதிவெல்லாம் இந்தப் போனுக்குள்.

"அவ போன், அவ பேச்சு. தொறக்கிற அதிகாரம் மட்டும் எவனோ ஒருத்தன்கிட்ட. நம்ம வீட்டு அலமாரிக்கு அவன் பூட்டுப் போடுவானாம், நாம அவன் வாசல்ல நிக்கணுமாம்."

"இப்ப அவனைத் திட்டி என்னப்பா ஆகப்போகுது?"

ஒன்றும் ஆகாது.

மனைவியின் முதல் கம்ப்யூட்டர் இந்த ரகம் இல்லை. டிவியில் மாட்டுகிற, விசைகள் வைத்த சின்னப் பெட்டி. பத்திரிகையில் வந்த புரோகிராமை வரிவரியாகத் தட்டி, கேசட்டில் பதிந்து வைப்பாள். பிடிக்காத வரியை மாற்றிவிடுவாள். எவனையும் கேட்க வேண்டாம். அது அவள் சொன்னதைச் செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பாகச் செய்யும். புருஷனுக்கு இது தேவலை என்பாள்.

அலமாரியில் இருந்த அந்தக் கேசட்டுகள் மகள் கண்ணில் பட்டுவிட்டன. மேலே அம்மாவின் கையெழுத்து. ஆசையாக ஒன்றை உருவி, பக்கத்திலிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டு அமுக்கினாள்.

கிறீச்சென்று ஓர் இரைச்சல். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். மைத்துனர் அறை வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னம்மா இது, பூனை வாலை மிதிச்ச மாதிரி? சாவு வீடுன்னு நெனப்பு வேணாமா? அத்தான், வண்டிக்காரன் வேற பறக்குறான்."

"வெறும் இரைச்சல்ப்பா," என்றாள் மகள். "அம்மா இதுல இல்ல."

"அது புரோகிராம், சத்தமாத்தான் பதியும். அந்தப் பெட்டிக்குத்தான் புரியும்." நிறுத்துவதற்காகக் கை நீட்டியவர், பொத்தானை அமுக்கிவிட்டு விரலை எடுக்காமல் நின்றார். ஒரே கேசட்டில் ஏழெட்டு புரோகிராம் இருக்கும். எது எங்கே தொடங்குகிறது என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் முன்னால் வாயால் பெயர் சொல்லிப் பதிவாள். பெட்டியோடு பேசுகிறாள் பைத்தியக்காரி என்று எத்தனை கேலி செய்திருக்கிறார்.

"பின்னால ஓட்டு. ஆரம்பத்துக்குப் போ."

நாடா சுற்றி நின்றது. மகள் அமுக்கினாள். உஸ்ஸென்று காற்று. யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

"பாம்பு வெளையாட்டு. இதுல செவுத்துல முட்டினாலும் பாம்பு சாகாது. நான் மாத்திட்டேன்." சின்னச் சிரிப்பு. "ஏங்க, அந்தக் கதவைச் சாத்துங்களேன், பதிவாகுது..."

இரைச்சல் வந்து மூடிக்கொண்டது.

மகள் நிமிரவில்லை. நாடாவை மறுபடி பின்னால் ஓட்டினாள். வாசலில் ஹாரன் அடித்தது.

"அத்தான், தூக்கிரலாமா?"

கிழவர் எழுந்து போய், மைத்துனர் முகத்துக்கு நேரே, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.